23 நாள் கழற்றப்படாமல் இருந்த குழாய்

2024 ஜனவரி 8ஆம் தேதி காலை, பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கிணற்றடியில் பாசி பிடித்திருந்த துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில் கால் வைத்து அப்பா வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது 72. வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அழைத்துச் சென்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தம்பி மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் நான்தான் உடன் இருந்தாக வேண்டும். 10ஆம் தேதி பந்துக்கிண்ண மூட்டின் பந்துப் பகுதியை மட்டும் மாற்றும் அறுவை சிகிச்சை நடந்து நன்றாகவே முடிந்தது. எலும்பு சார்ந்த கதை அத்தோடு தீர்ந்தது. அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு முழுவதும் வேறொன்றினால் வந்தது. அவசரப் பிரிவில் நுழைந்த அரை மணி நேரத்துக்குள், அசையவே முடியாமல் கிடந்தவருக்குப் போடப்பட்ட சிறுநீர்க் குழாய், எல்லோரும் யூரின் டியூப் என்று சொல்வது, அதுதான் அந்த வேறொன்று.

குழாய் போட்டதில் தவறில்லை. இடுப்பு முறிந்தவரைத் திருப்பவும் முடியாது, எழுப்பவும் முடியாது. அறுவை சிகிச்சை நேரத்தில் சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவும் வேண்டும். ஆனால் அதன் பிறகு அது ஏன் தொடர்ந்து உள்ளே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. இரவில் நான்கு முறை அப்பாவை எழுப்பிச் சிறுநீர்ப் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை, படுக்கை நனையாது, மகளிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவர் கூச்சப்படவும் வேண்டியதில்லை. அந்த வசதியை நினைத்து நான் பிற்பாடு பல இரவுகள் அழுதிருக்கிறேன். அறுவை சிகிச்சைக்காகப் போடப்படும் குழாயை, நீட்டிக்க வேறு மருத்துவக் காரணம் இல்லையென்றால், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்றுதான் தொற்றுத் தடுப்பு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது, ஒரு மாதம் அப்படியே இருந்தால் அநேகமாக எல்லோருக்கும் குடியேறிவிடும். இவையெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது.

அந்த வார்டில் நான் கண்ணால் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்ட இரண்டு காட்சிகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, குழாய் வழியாகச் சிறுநீர் வந்து சேரும் பையைக் காலி செய்து அளவெடுக்கும் பிளாஸ்டிக் குவளை. எங்கள் வரிசையில் மூன்று படுக்கைகளுக்கும் ஒரே குவளைதான். கழிவறைக் குழாயில் ஓர் அலசு அலசிவிட்டு அடுத்த பையின் வாயில் அதையே பிடிப்பார்கள், பையின் திறப்பு குவளையின் விளிம்பில் படும். உதவியாளர் வரத் தாமதமானால் நானே அதே குவளையை எடுத்துக் காலி செய்திருக்கிறேன், கையுறை இல்லாமல். இரண்டாவது, எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் தள்ளுவண்டியில் பையைத் தொங்கவிட இடமில்லை என்று அப்பாவின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். பை சிறுநீர்ப்பையை விட உயரத்துக்குப் போனால், பல மணி நேரம் பையில் தேங்கியிருந்தது திரும்ப உள்ளே பாயும். உங்கள் வீட்டில் யாருக்காவது குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. குழாயும் பையும் இணையும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது. அளவுக் குவளை ஒன்றை ஐம்பது ரூபாய் கொடுத்துத் தனியாக வாங்கி, பெயர் எழுதி, உங்கள் படுக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

17ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள், குழாயோடுதான். தையல் பிரிக்க வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார் செவிலியர். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பட்டியல் இருந்தது, உடற்பயிற்சி விவரம் இருந்தது, குழாய் எந்தத் தேதியில் போடப்பட்டது, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. அந்த வரியை நான் கேட்டு வாங்கியிருந்தால் பிற்பாடு நடந்ததில் பெரும்பகுதி நடந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

23ஆம் தேதி மாலை அப்பாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கம்பளி போட்டும் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினார். ஊரிலுள்ள மருந்துக் கடைக்குப் போய்ச் சொன்னேன். மருத்துவர் சீட்டு எதுவும் கேட்காமல் செஃபிக்சிம் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரை ஓர் அட்டையும் பாராசிட்டமாலும் கொடுத்தார்கள். அந்த மாத்திரை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளைக் கொண்ட அட்டவணை எச்1-இல் இருப்பது என்பதும், 2014 மார்ச் முதல் அதை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இரவில் நான் வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மதுரைக்குப் போக வண்டிக்கே மூவாயிரம் ரூபாய் ஆகும். 25ஆம் தேதி காலை காய்ச்சல் இறங்கியது. ஆறு மாத்திரை முடிந்திருந்தது. வயதானவருக்கு வயிற்றைப் புரட்டுகிறதே என்று மீதியை நிறுத்திவிட்டேன்.

அதே நாள் தையல் பிரிக்க மருத்துவமனைக்குப் போனோம். அறுவை சிகிச்சை செய்தவர் அன்று இல்லை. பணியிலிருந்த இளம் மருத்துவர் தையலைப் பிரித்துவிட்டு, குழாயைப் பற்றிக் கேட்டதற்கு, "அதை சார் வந்ததும் சொல்வாங்கம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார். காய்ச்சல் வந்து போனதை நான் சொல்லவில்லை. காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே என்ற எண்ணம். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்பினோம். குழாய் போட்டு அன்றைக்கு 18ஆம் நாள். சிறுநீர்க் குழாய் உள்ளவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அது அரை நாளில் இறங்கிவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். எந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாக இருந்தாலும், அதன் முதல் வேளைக்கு முன்பே சிறுநீரும் ரத்தமும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கப்பட வேண்டும். நோயாளி அபாய நிலையில் இருந்தால் மாதிரியை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் எல்லாமே இருட்டில் தேடுவதாகிவிடும்.

30ஆம் தேதி இரவு அப்பா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் மாட்டை விற்றுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு நாளாக மீண்டும் லேசான காய்ச்சல் இருந்தது, ஆனால் அன்று தொட்டால் உடம்பு சுடவே இல்லை, கைகால் சில்லென்று இருந்தது. மூளையில் ஏதோ நேர்ந்துவிட்டது என்றே பயந்தேன். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவும்போது எரிச்சலோ வலியோ இல்லாமல், திடீர்க் குழப்பமாகவே முதலில் வெளிப்படக்கூடும் என்று இம்முறை சேர்த்த வேறொரு மருத்துவமனையில்தான் சொன்னார்கள். ரத்த அழுத்தம் 80க்கு இறங்கியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, அன்றிரவே மெரோபெனெம் ஊசி தொடங்கினார்கள். பெரிய மருந்து, இதற்குக் கேட்டுவிடும் என்று பணி மருத்துவர் தைரியம் சொன்னார்.

மறுநாள் காலை தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவர் வந்தார். நாடியைக்கூடப் பிடிக்கவில்லை, போர்வையை விலக்கிக் குழாயைப் பார்த்துவிட்டு, "இது என்னைக்குப் போட்டது?" என்று கேட்டார். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. நான் விரல் விட்டு எண்ணி, நேற்றோடு 23 நாள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "மருந்தைவிட முதல்ல இதுதாம்மா வெளியே வரணும்" என்று மட்டும் சொன்னார். திரைக்குப் பின்னால் அதைக் கழற்றினார்கள். நான் கேட்டதால் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். சிறுநீர்ப்பைக்குள் இருந்த நுனியைச் சுற்றி வெளிர் மஞ்சளாக, சுண்ணாம்பு பூத்ததுபோல் ஒரு பொருக்கு. அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் குழாயின் மேல் கண்ணாடிபோல் மெல்லிய வழவழப்பு. செவிலியர் கையுறை விரலால் வழித்தபோது அது நூல்போல நீண்டு வந்தது. அப்பா வழுக்கி விழுந்த கல்லின் ஓரம் அந்த நொடியில் என் கண்முன் வந்தது.

அதைத்தான் பயோஃபிலிம், தமிழில் நுண்ணுயிர்ப் படலம், என்கிறார்கள். அன்று மதியம் அந்த மருத்துவர் பத்து நிமிடம் ஒதுக்கி எனக்கு விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். குழாய் உள்ளே போன சிறிது நேரத்திலேயே சிறுநீரிலுள்ள புரதங்களும் உப்புகளும் அதன் மேல் ஒரு பூச்சுபோலப் படிகின்றன. அந்தப் பூச்சில் பாக்டீரியா வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியவை பெருகி, தங்களுக்குள் வேதிச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, போதுமான கூட்டம் சேர்ந்ததும் சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த ஒரு கூழைச் சுரந்து தங்களைச் சுற்றி வீடு கட்டிக்கொள்கின்றன. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் தண்ணீர் தெளியுமே தவிரச் சுவரில் ஒட்டியது போகாது, இறங்கித் தேய்த்தால்தான் போகும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். கூழின் உள்ளே மருந்து மெதுவாகத்தான் ஊடுருவுகிறது, நம் உடம்பின் வெள்ளை அணுக்களால் அதை விழுங்க முடிவதில்லை. இவற்றைவிட முக்கியமாக, ஆழத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் உணவும் காற்றும் குறைந்து கிட்டத்தட்ட உறங்கும் நிலையில் இருக்கின்றன. மெரோபெனெம் போன்ற மருந்துகள் பாக்டீரியா பெருகும்போது அது கட்டும் சுவரைத்தான் தாக்குகின்றன. பெருகாமல் முடங்கிக் கிடப்பதை அவை என்ன செய்யும்? சுதந்திரமாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப்போலப் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை மருந்து கொடுத்தாலும் படலத்திலிருப்பது தாக்குப்பிடிக்கக்கூடும். மருந்தை நிறுத்தியதும் அங்கிருந்து உதிர்ந்து மீண்டும் சிறுநீரில் இறங்கும். என் ஆறு மாத்திரைக்கு இரண்டு நாள் இறங்கிய காய்ச்சல் மூன்றாம் நாள் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதும், ஒரு மருத்துவ அறிக்கையும் எனக்குச் சொல்லாததும் ஒன்று உண்டு. கல்ச்சர் அறிக்கையில் ஒரு மருந்துக்கு எதிரே "எஸ்" என்று, அதாவது கட்டுப்படும் என்று, போட்டிருந்தால், அது ஆய்வுக்கூடத்தில் மிதக்கும் பாக்டீரியாவை வைத்துச் சோதித்த விடை. குழாயில் படலமாக ஒட்டியிருப்பதற்கு அந்த விடை பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆகவே, சரியான மருந்துதான் போகிறது, ஆனாலும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் உடம்புக்குள் வெளிப்பொருள் எது இருக்கிறது, அதை எடுக்கவோ மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். சிறுநீர்க் குழாய், கழுத்து ரத்தக்குழாயில் போட்ட மருந்துக் குழாய், செயற்கைச் சுவாசக் குழாய், எலும்பில் வைத்த தகடு, செயற்கை மூட்டு எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். எங்களுக்கு அப்போது இருந்த பெரிய பயமே, ரத்தம் வழியாகப் போய்ப் புது இடுப்பு மூட்டில் இது ஒட்டிக்கொள்ளுமோ என்பதுதான். தெய்வாதீனமாக அது நடக்கவில்லை.

மாதிரி எடுத்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு அவசரப் பிரிவில் யாரோ பழைய பையின் அடியிலிருந்து சிறுநீரைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று வகைக் கிருமிகள் வளர்ந்தன. சிறப்பு மருத்துவர் அந்த அறிக்கையை ஒதுக்கி வைத்தார். பழைய குழாயை எடுத்து, மணிக்கு மணி சிறுநீரின் அளவு தேவைப்பட்டதால் புதிய குழாய் போட்டு, அதிலிருந்து இறங்கிய முதல் சிறுநீரை அனுப்பச் சொல்லியிருந்தார். அதில் ஒன்றே ஒன்றுதான் வளர்ந்தது, ரத்தத்தில் வளர்ந்ததும் அதுவேதான். குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்திருந்தால், அதை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டுமாம். பையில் தேங்கியதை எடுப்பது எப்போதுமே கூடாதாம். முதல் அறிக்கையை நம்பியிருந்தால் மூன்று கிருமிக்கு மூன்று மருந்து போட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 2ஆம் தேதி இறுதி அறிக்கை வந்தது. கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. அதற்குக் கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் "ஆர்", "ஆர்", "ஆர்", அதாவது கட்டுப்படாது. செஃபிக்சிம் வகை மருந்துகள் ஆர், அமிக்கசின் ஆர், மூன்று நாளாக ஏற்றிக்கொண்டிருந்த மெரோபெனெமும் ஆர். கொலிஸ்டின் ஒன்றின் எதிரில் மட்டும் "ஐ" என்று, அதாவது இடைநிலை என்று, இருந்தது. தேர்வுத்தாளில் மாணவனின் எல்லா விடைக்கும் தவறு போட்டதுபோல இருந்தது அந்தத் தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கால் நடுங்கியது. கொலிஸ்டினுக்கு நேரே உள்ள "ஐ"யைப் பார்த்து அதுவும் பாதிதான் கேட்குமா என்று பதறினேன். அமெரிக்க ஆய்வுக்கூடத் தர அமைப்பின் விதிப்படி 2020 முதல் இந்த வகைக் கிருமிகளுக்குக் கொலிஸ்டினை "எஸ்" என்று எழுதுவதே இல்லை, நல்ல விடையாக இருந்தாலும் "ஐ" என்றுதான் வரும் என்று விளக்கினார்கள். அறிக்கையில் எழுத்துக்குப் பக்கத்தில், கிருமியைத் தடுக்கத் தேவைப்படும் மருந்தளவைக் காட்டும் எண்களையும் நாமாக ஒப்பிடக் கூடாது. ஒரு மருந்துக்கு 2 என்றும் இன்னொன்றுக்கு 8 என்றும் இருந்தால் 2 தான் சிறந்த மருந்து என்று பொருளில்லை, ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு.

மரபணுச் சோதனையில் என்.டி.எம். என்ற நொதியை உண்டாக்கும் மரபணு இருப்பது தெரிந்தது. மெரோபெனெம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே வெட்டிச் சிதைக்கும் நொதி அது. டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சென்ற, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரிடம் 2008இல் ஸ்வீடனில் முதன்முதலாக அது கண்டறியப்பட்டது. அன்று அவருடைய சிறுநீரில் இருந்ததும் இதே கிளெப்சியெல்லாதான் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2010இல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் அது இருந்தது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி, மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு செயல்திட்டத்தை வகுத்தன, அதற்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். பல்லாண்டுகளாக நம் ஊர் மருத்துவமனைகளில் பேசப்பட்டு வருவதைக் கிணற்றடியில் விழுந்த ஒருவரின் மகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று முதல்முறையாகக் கேள்விப்படுகிறாள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்திலுள்ள வேறு பாக்டீரியாவுக்கும் தாவக்கூடியது. படலத்துக்குள் பல வகைக் கிருமிகள் நெருக்கியடித்து இருப்பது அதற்குத் தோதான இடம். நான் கொடுத்த மாத்திரையால் இப்படி ஆனதா என்று சிறப்பு மருத்துவரிடம் அழுதுகொண்டே கேட்டேன். "கிருமி மருத்துவமனையிலதான் ஒட்டியிருக்கணும், உங்க மாத்திரை அதைக் கொண்டு வரலை. ஆனா அதுக்குப் போட்டியா இருந்த சாதுவான கிருமிகளை அழிச்சு இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கும்" என்றார். பொய் சொல்லாமல் அவர் அப்படிச் சொன்னதற்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

இருந்த வழிகள் இரண்டு. செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்று. அதுதான் மேலானது, சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பானது என்று மருத்துவரே சொன்னார். ஒரு நாள் செலவே என் மாதச் சம்பளத்தை நெருங்கியது. மற்றொன்று கொலிஸ்டின். 1940களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்து, சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுக்கப்பட்ட பழைய மருந்து. சிறுநீரில் இறங்கி, அங்கே செயல்படும் வடிவமாக மாறுவதால் இந்தத் தொற்றுக்கு அது உதவும் என்றார்கள். இதே மருந்தைக் கோழிகள் கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் என்பதும், 2019இல்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் கொலிஸ்டினைத் தேர்ந்தெடுத்தேன், பணம் இல்லாததால். முதல் வேளை 90 லட்சம் யூனிட், பிறகு பகுத்து நாளுக்கு இரண்டு வேளை. ஐந்தாம் நாள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 1.1இலிருந்து 2.3க்கு ஏறியது. அன்று மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து தம்பியிடம் தொலைபேசியில் பேச முடியாமல் விம்மினேன். அளவைக் குறைத்து, தினமும் ரத்தம் பார்த்து, பத்து நாளை எப்படியோ கடத்தினார்கள். இந்த மருந்து ஏறும் நாட்களில் கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு இறங்கியது என்று தினமும் கேட்டுக் குறித்து வையுங்கள்.

அப்பாவைத் தனி அறைக்கு மாற்றி, கதவில் சிவப்பு அட்டை ஒட்டினார்கள். உள்ளே போகிறவர் எல்லோரும் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும். குழப்பம் தெளிந்திருந்த அப்பா, "எனக்கு என்ன பெரியம்மையா பாப்பா, எல்லாரும் ஒதுங்கி நிக்கிறாங்க?" என்று கேட்டார். கிருமி பக்கத்துப் படுக்கைக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, உங்கள் மேல் வெறுப்பினால் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஆற்ற வேண்டியிருந்தது. நோயாளிக்கு இதை முதல் நாளே எடுத்துச் சொல்லிவிடுங்கள். கை சுத்தத்தைப் பற்றிச் செவிலியர்களிடம் கேட்க எனக்கு முதலில் வாய் வரவில்லை, கோபித்துக்கொண்டால் அப்பாவைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற அச்சம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்று, முதலில் என் கையில் கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்துக்கொண்டு, அதே பாட்டிலை அவர்களிடம் நீட்டுவேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. விரலிடுக்கும் நகக்கண்ணும் நனைய 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். கையுறை போட்டிருப்பது கை கழுவியதற்கு ஈடாகாது.

பிப்ரவரி 4ஆம் தேதி காலை இரண்டாவது குழாயையும் எடுத்துவிட்டார்கள். எடுத்து நான்கு மணி நேரத்தில் அப்பா பாத்திரத்தில் தானாகவே சிறுநீர் கழித்தார், 300 மில்லி. ஸ்கேனில் உள்ளே மிச்சம் தேங்கவில்லை. அந்தப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த மகிழ்ச்சியும் ஆத்திரமும் இன்னும் எனக்குள் பிரியாமல் இருக்கின்றன. ஜனவரி 11ஆம் தேதியோ 12ஆம் தேதியோ எடுத்திருந்தாலும் அவரால் இதே மாதிரிக் கழித்திருக்க முடியும். ஒவ்வொரு நாள் காலையும் மருத்துவர் சுற்றில் வரும்போது, "டியூப் இன்னும் தேவையா டாக்டர், என்னைக்கு எடுக்கலாம்?" என்ற ஒரே வாக்கியத்தைக் கேளுங்கள். எடுக்க முடியாது என்றால் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட தேதியைப் பையின் மேல் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். சிறுநீர் கசிவதுதான் சிக்கல் என்றால் ஆண்களுக்கு வெளியே உறைபோல மாட்டும் வகை இருக்கிறது, உள்ளே தேங்குவதுதான் சிக்கல் என்றால் வேளைக்கு வேளை போட்டு எடுத்துவிடும் முறை இருக்கிறது. இந்த இரண்டையும் பற்றி எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

14ஆம் தேதி வீடு திரும்பினோம். எலும்பு அறுவை சிகிச்சைக்கு ஆனது 1,85,000 ரூபாய். இந்தத் தொற்றுக்கு மட்டும் 3,42,000 ரூபாய். எட்டுப் பவுன் நகையை வங்கியில் வைத்து இரண்டரை லட்சம் வாங்கினேன், மீதி தம்பி அனுப்பியது. 47 நாள் பள்ளிக்குப் போகவில்லை, அதில் 12 நாளுக்குத்தான் சம்பளம் வந்தது. அப்பா ஒன்பது கிலோ இளைத்திருந்தார், அறுவை சிகிச்சை முடிந்த வாரத்திலேயே நடக்கப் பழகியிருக்க வேண்டியவர் மார்ச் மாதம்தான் வாக்கரைப் பிடித்தார். கிரியாட்டினின் 1.3இல் நின்றது, பழைய அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

ஏப்ரலில் உள்ளூரில் எடுத்த ஒரு வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் மீண்டும் அதே கிளெப்சியெல்லா வளர்ந்தது. காய்ச்சலில்லை, எரிச்சலில்லை, அப்பா தெளிவாக இருந்தார். உள்ளூர் மருத்துவர் உடனே ஊசி தொடங்க வேண்டும் என்றார். எனக்கு மீண்டும் பழைய நடுக்கம். அறிக்கையைப் படமெடுத்து மதுரையில் அப்பாவைப் பார்த்த தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவருக்கு அனுப்பினேன். தொந்தரவு எதுவும் இல்லாதபோது சிறுநீரில் கிருமி இருப்பது தொற்று ஆகாது, அது வெறும் குடியிருப்பு, அதற்கு மருந்து கொடுத்தால் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மருந்துகளையும் அது பழகிக்கொள்ளும், தேவையில்லாமல் இனிமேல் கல்ச்சர் எடுக்கவும் வேண்டாம் என்று பதில் வந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இந்தக் கிருமி குடலில் பல மாதங்கள் தங்கக்கூடியது என்பதால், இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சேர்க்கும் நேரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பிப்ரவரி 2ஆம் தேதி அறிக்கையை நெகிழி உறையில் போட்டு அப்பாவின் கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறேன். அக்டோபரில் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போனபோது பெயர், வயது சொல்வதற்கு முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்த செவிலியர் அப்பாவின் பெயரை அன்றைய பட்டியலில் கடைசிக்கு மாற்றி எழுதிவிட்டு, எங்களை ஓரமாக இருந்த தனிப் படுக்கைக்கு அழைத்துச் சென்றார்.